‘அன்கிரேடபிள்’ என்ற ஒரு சொல்: திருகோணமலை ஓட்டோ ஓட்டுநர் ஒருவரின் விழித்திரைப் படம் – நிகழ்வு ஆய்வு

யாரைப் பற்றியது

இதில் வருபவர் என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். வயது 57, வீடு உப்புவெளிப் பக்கம், இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டோ ஓட்டுகிறார். அவரும் அக்காவும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெயர், ஆஸ்பத்திரி, முகாம் நடத்தியவர்கள் என்று எதையும் குறிப்பிடவில்லை. யாரையும் குற்றம் சொல்லவும் இதை எழுதவில்லை. நான் பட்டணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். அதை ஏன் சொல்கிறேன் என்றால், டொக்டர்மார் எழுதும் துண்டுகளை வாசிப்பதுதான் என் அன்றாட வேலை, அப்படியிருந்தும் ஒரு துண்டில் இருந்த ‘அன்கிரேடபிள்’ (தரம் பிரிக்க முடியாதது) என்ற ஒரு சொல்லின் கனம் எனக்கு அன்று விளங்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பிறகு ஆறு மாதம் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அந்த ஆறு மாதத்துக்குள்தான் கண் பழுதானது.

பின்னணி

அத்தானுக்கு சீனி வருத்தம் கண்டுபிடித்து ஒன்பது வருடம். பிறசரும் இருக்கிறது. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போவார், மருந்தையும் எடுப்பார், ஆனால் நாள் முழுக்க ஓட்டோவில் இருக்கிறவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு ஏது? வெறுவயிற்றுச் சீனி 180க்கும் 220க்கும் இடையில்தான் நிற்கும். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. சோதனை ஒருமுறை எடுத்தது, 9.4. கிளினிக் கொப்பியில் எல்லாம் வரிசையாக இருக்கிறது, கண்ணைப் பற்றித்தான் ஒரு வரியும் இல்லை.

கேட்டால் அவர் சொல்கிற பதில் ஒன்றுதான்: “கண் பார்த்தாச்சு.” அவர் சொல்வது கண்ணாடிக் கடையை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கா போவார், சுவரில் எழுத்து வாசிப்பார், கண்ணாடி மாற்றுவார். அதில் அவர் எப்போதும் நன்றாகத்தான் வாசித்திருக்கிறார். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறோம். எழுத்து வாசிக்கிற சோதனை, வெளிச்சம் கண்ணுக்குள் சரியாகக் குவிகிறதா, பார்வையின் நடுப்பகுதி எவ்வளவு கூர்மை என்பதைத்தான் சொல்லும். நடுவில் இருக்கும் மாக்குலா என்ற சிறு பகுதி நல்லாயிருந்தால், அதைச் சுற்றியிருக்கும் விழித்திரை முழுக்க இரத்தக் கசிவு இருந்தாலும் கடைசிக்கு முந்திய வரி வரைக்கும் வாசித்துவிடலாம். வலியும் இருக்காது. சீனியால் வரும் விழித்திரைப் பாதிப்பு ஆரம்பத்தில் ஆளுக்குத் தெரியாது, அதனால்தான் இரண்டாம் வகை நீரிழிவு என்றால் கண்டுபிடித்த உடனேயே ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். முதலாம் வகைக்கு ஐந்து வருடத்துக்குள். சீனி வருத்தம் உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மாதங்களிலேயே. அத்தானின் கணக்கில் ஒன்பது தடவையாவது பார்த்திருக்க வேண்டும். ஒருதடவையும் பார்க்கவில்லை.

முகாமில் எடுத்த படம்

போன வருடம் வைகாசியில் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் ஒரு வைத்திய முகாம். அக்கா விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போனார், நானும் போனேன். யன்னல்களுக்குக் கறுப்புச் சீலை போட்டு இருட்டாக்கிய ஒரு மூலையில் மேசையில் கமெரா. நாடியை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை முட்டவைத்து, உள்ளே தெரிகிற பச்சை வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பளிச் என்று ஒரு வெட்டு. ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம் கூட இல்லை. கண்ணில் எதுவும் படாது, வலிக்காது, எக்ஸ்ரே மாதிரிக் கதிர் எதுவும் இல்லை, வெறும் வெளிச்சம்தான்.

திரையில் வலது கண் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம், ஒரு பக்கம் வெளிர் மஞ்சளாகப் பொட்டு மாதிரிப் பார்வை நரம்புத் தலை, அதிலிருந்து மரக்கிளை போல இரத்தக் குழாய்கள். உற்றுப் பார்த்தால் நான்கைந்து இடத்தில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளி. இடது கண் அப்படி வரவில்லை. சாம்பல் நிறத்தில், பனிமூட்டத்துக்குள் நிலவைப் பார்த்த மாதிரி, ஓரமெல்லாம் இருண்டு போய். படம் எடுத்த பிள்ளை மூன்று தரம் எடுத்துப் பார்த்தா. கண்மணி சின்னதாக இருக்கிறது, வெள்ளை படரவும் (கண்புரை) தொடங்கியிருக்கிறது போல, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு அரை மணித்தியாலம் இருந்தால் திரும்ப எடுக்கலாம் என்று சொன்னா.

அத்தான் மறுத்தார். காரணம் சின்னக் காரணம் இல்லை. மே மாதம், நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வெளிநாட்டுக்காரர் வந்து குவிகிற காலம், ஓட்டோக்காரருக்கு வருடத்தில் அந்த நாலைந்து மாதம்தான் கையில் காசு. சொட்டு மருந்து விட்டால் நாலு முதல் ஆறு மணித்தியாலம் வரைக்கும் வெயில் கூசும், கிட்டப் பார்வை மங்கும், ஓட்டக்கூடாது. அன்று அவருக்கு இரண்டு ஹயர் சொல்லிவைத்திருந்தது. “பிறகு பார்ப்பம் தங்கச்சி” என்று செருப்பை மாட்டிக்கொண்டே எழும்பிவிட்டார். இடது கண்ணைக் கிளினிக்கில் காட்டச் சொல்லி அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி எனக்கொரு ஞாபகம். ஆனால் அது வாசலில், சத்தத்துக்குள் சொன்னது.

துண்டும் நாங்கள் வாசித்த விதமும்

கையில் தந்த துண்டு ஆங்கிலத்தில். வலது கண்ணுக்கு நேரே ‘மைல்ட் என்.பி.டி.ஆர்., ரிவியூ 1 இயர்’, அதாவது சீனியால் வந்த விழித்திரைப் பாதிப்பின் ஆரம்ப நிலை, ஒரு வருடத்தில் திரும்பப் பார்க்கவும். இடது கண்ணுக்கு நேரே ‘அன்கிரேடபிள்’. கீழே கண் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும் என்றால் அடையாளம் போடுவதற்கு ஒரு பெட்டி இருந்தது, அதில் எந்த அடையாளமும் இல்லை.

அன்று இரவு அக்கா கேட்டா, “தம்பி, என்ன போட்டிருக்கு?” நான் சொன்ன பதில் இன்றும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது: “ஆரம்ப நிலைதான் அக்கா, பயப்பிட ஒண்டுமில்லை, ஒரு வருஷத்தால திரும்ப எடுக்கட்டாம். இடது கண் படம் சரியா விழேல்லை.”

பொய் இல்லை, ஆனால் பிழை. ‘படம் சரியா விழேல்லை’ என்று சொல்லும்போது அது கமெராவின் பிரச்சினை மாதிரிக் கேட்கிறது, கலியாண வீட்டுப் படம் ஒன்று கெட்டுப் போன மாதிரி. ‘அன்கிரேடபிள்’ என்றால் அந்தக் கண்ணைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது, ஆகவே அதை வேறு விதமாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று அர்த்தம். முறையாக நடக்கும் விழித்திரைச் சோதனைத் திட்டங்களில் படம் தெளிவில்லாதவரையும் கண் வைத்தியரிடம் அனுப்பவே செய்கிறார்கள், ஏனென்றால் படத்தை மறைக்கிற அதே வெள்ளை படர்தலும் கண்ணுக்குள் கசிந்த இரத்தமும் தாமே ஒரு நோயாக இருக்கலாம். 2018இல் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., வைத்தியர் பார்க்காமலே படத்தை வைத்து முடிவு சொல்லும் முதல் செயற்கை நுண்ணறிவு முறைக்கு அனுமதி கொடுத்தது. அந்த இயந்திரம் கூட தெளிவில்லாத படத்துக்கு ‘நோய் இல்லை’ என்று சொல்லாது, தரம் போதாது என்று சொல்லி நின்றுவிடும். இயந்திரம் நிற்கிற இடத்தில் நான் நிற்கவில்லை, வலது கண்ணின் பதிலை இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ‘ஒரு வருடம்’ என்பது வலது கண்ணின் பக்கத்தில் எழுதியது. நாங்கள் அதை ஆளுக்கு எழுதியதாக எடுத்துக்கொண்டோம்.

கார்த்திகை மழையில்

கார்த்திகையில் மழை தொடங்கியிருந்தது. ஒரு காலை, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது ஓட்டோவின் முன்கண்ணாடியில் கறுப்பாக நூல் மாதிரி ஏதோ ஓடுகிறது என்று அத்தான் நினைத்திருக்கிறார். நிறுத்தி, இறங்கி, துணியால் துடைத்தார். பிறகும் அதே நூல். உள்பக்கமும் துடைத்தார். மூன்றாம் தரம் துடைக்கக் கையை நீட்டும்போதுதான் தலையைத் திருப்பியதும் நூலும் கூடவே திரும்புவதைக் கண்டார். வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தால், முன்னால் நின்ற பஸ்ஸின் நிறம் மட்டும்தான் தெரிந்தது.

பிள்ளைகளைப் பத்திரமாக இறக்கிவிட்டு எனக்கு அழைத்தார். “நுளம்புக் கூட்டம் பறக்கிற மாதிரி இருக்கு, புகையும் இருக்கு” என்றார். மருந்துக்கடைக்கு வந்து சொட்டு மருந்து ஏதாவது தரச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. இந்த நிகழ்வில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். திடீரென்று கண்ணுக்குள் நிறையப் புள்ளி, நூல், மின்னல் வெட்டு, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருட்டு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழித்திரை கிழிந்து கழன்றிருக்கவும் இடமுண்டு, அது மணித்தியாலக் கணக்கு.

ஆஸ்பத்திரியில் பார்த்தவை

வலது கண் 6/9. அதாவது நல்ல கண் ஒன்பது மீற்றரில் வாசிக்கிறதை இவர் ஆறு மீற்றரில் வாசிக்கிறார், பெரிய குறை இல்லை. இடது 6/60. இரண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். விடுவதற்கு முன் கண் அழுத்தம் பார்த்தார்கள், குளுக்கோமா (கண் அழுத்த நோய்) இருக்கிறதா என்றும் கேட்டார்கள். மருந்து விட்ட பிறகு கண் கடுமையாக நொந்து சிவந்தாலோ, சத்தி வந்தாலோ உடனே திரும்பி வரச் சொன்னா தாதி மிஸ். அரிதாக, கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் ஒடுங்கிய கண்களில் அழுத்தம் திடீரென்று ஏறலாமாம். அதைச் சொல்லாத இடத்தில் நாமாகக் கேட்பது நல்லது.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு டொக்டர் கையில் ஒரு சின்ன வில்லையைப் பிடித்து, பிளவு விளக்கு என்கிற கருவிக்குள்ளால் பார்த்தார். பிறகு தலையில் விளக்கு மாட்டி, மேலே பார், கீழே பார், இடம், வலம் என்று ஓரம் வரைக்கும் பார்த்தார். இடது கண்ணில் விழித்திரைக்கு முன்னால் இருக்கும் பளிங்குக் களிக்குள் இரத்தம் கசிந்திருந்தது. பின்னால் எதுவும் சரியாகத் தெரியாததால் மூடிய இமைக்கு மேல் ஜெல் பூசி ஸ்கான் எடுத்தார்கள். விழித்திரை கழலவில்லை. அந்த ஒரு வரியைக் கேட்ட பிறகுதான் அக்கா கதிரையில் சாய்ந்து இருந்தா.

வலது கண்? முகாமில் மைல்ட் என்று வந்த கண். அதில் பாதிப்பு நடுத்தர நிலையில் இருந்தது, புள்ளிக் கசிவுகள் அதிகமும் ஓரப் பக்கத்தில். ஆறு மாதத்தில் கூடியதா, அப்போதே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். என் போனில் முகாம் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். அவர் பெருவிரலால் அந்த வட்டத்தின் ஓரத்தைச் சுற்றிக் காட்டி, சிங்களத்தில் சொன்னதை மிஸ் எங்களுக்குத் தமிழில் சொன்னா: “இந்தப் படத்துக்குள்ள இவ்வளவுதான் இருக்கு ஐயா. இதுக்கு வெளியாலயும் கண் இருக்கு.”

சாதாரண விழித்திரைக் கமெரா ஒரு தரத்தில் 45 பாகை அளவுதான் பிடிக்கும். நரம்புத் தலையும் மாக்குலாவும் அதற்குள் வந்துவிடும், அதனால் ஆரம்பச் சோதனைக்கு அது நல்ல கருவிதான். 200 பாகை வரைக்கும் பிடித்து விழித்திரையில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தைக் காட்டும் அகலக் கமெராக்களும் இருக்கின்றன. ஆனால் மருந்து விட்டு, நேரே பார்க்கிற வைத்தியரின் கண்ணுக்கு அவையும் முழு மாற்று இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு பொறுப்பது. இரத்தம் கொஞ்சம் இறங்காமல் சிகிச்சைக்கு லேசர் பிடிக்க முடியாது. தலையணையை உயர்த்திப் படுக்கச் சொன்னார்கள், பாரம் தூக்க வேண்டாம் என்றார்கள். ஓட்டோவை நிறுத்தினோம். அது லேசான முடிவில்லை. அக்கா இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்தா, நான் ஏலுமானதைக் கொடுத்தேன்.

நாலு கிழமையில் புகை குறைந்ததும் மாக்குலாவை ஓ.சி.டி. என்கிற ஸ்கான் எடுத்தார்கள். முகாம் படம் விழித்திரையை மேலிருந்து பார்த்த நிலப்படம் என்றால், இது கேக்கைக் குறுக்கே வெட்டிய மாதிரி, படை படையாகத் தெரியும். இதற்கும் கதிர் கிடையாது, கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத அகச்சிவப்பு ஒளிதான். இடது கண்ணின் படைகளுக்கு நடுவே நீர் தேங்கிக் குழிகளாகக் கறுப்பாகத் தெரிந்தது. வலதில் நீர் இல்லை.

எந்தெந்த இடம் இரத்தமில்லாமல் காய்ந்து கிடக்கிறது, எங்கே புது இரத்தக் குழாய் முளைத்திருக்கிறது என்று அறிய சாயம் ஏற்றிப் படம் எடுக்கச் சொன்னார்கள். கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்க வசதி இருந்ததால் இரவு பஸ்ஸில் அங்கே போய் எடுத்தோம். புளோரசீன் என்கிற மஞ்சள் சாயத்தைக் கை நரம்பில் ஏற்றி, அது கண்ணுக்குப் போய்ச் சேரச் சேர வரிசையாகப் படம் எடுப்பார்கள். ஏற்றும்போது கொஞ்ச நேரம் அத்தானுக்கு ஓங்காளம் வந்தது, பிறகு அடங்கிவிட்டது. எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, மறுநாள் வரைக்கும் தோல் மஞ்சளாகவும் சிறுநீர் கடும் செம்மஞ்சளாகவும் இருக்கும் என்பது. காலையில் அவரைப் பார்த்துவிட்டு செங்கமாரி வந்துவிட்டதென்று அக்கா அழவே தொடங்கிவிட்டா. அது தானாகப் போய்விடும். ஆனால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அரிதாக இந்தச் சாயத்துக்குக் கடுமையான ஒவ்வாமை வரும்.

இடது கண்ணில் நீர் வற்ற ஊசி, புதுக் குழாய்கள் சுருங்க லேசர் என்று முடிவானது. சீனியால் நுண்குழாய்கள் அடைபட்ட இடத்தில் விழித்திரை ஒட்சிசனுக்குத் தவித்து, புதுக் குழாய் முளைக்கும்படி ஒரு பதார்த்தத்தைச் சுரக்கும். அப்படி முளைப்பவை மெல்லியவை, உடையக்கூடியவை. ஊசி அந்தப் பதார்த்தத்தைத் தடுக்கும். லேசர், ஓர விழித்திரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சின்னச் சூடுகளைப் போட்டு அந்தத் தவிப்பையே குறைக்கும். போன பார்வையை லேசர் திருப்பித் தராது, இருப்பதைக் காப்பதற்குத்தான் என்று டொக்டர் முதலே சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டுத்தான் அத்தான் ஒத்துக்கொண்டார். வலது கண்ணுக்கு லேசர் இப்போதைக்கு வேண்டாம், நாலு மாதத்துக்கு ஒருமுறை மருந்து விட்டுப் பார்ப்பது என்று தீர்மானம்.

பிறகு

மூன்று தவணையாக லேசர், ஐந்து ஊசி. இடது கண் இப்போது 6/18இல் நிற்கிறது, அதில் ஒரு பங்கு வெள்ளை படர்தலாலும் இருக்கும், அதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். வலது அதே 6/9. எச்.பி.ஏ.1சி. 7.6க்கு இறங்கியிருக்கிறது, மத்தியானச் சாப்பாட்டை அக்கா கட்டிக் கொடுத்து விடுகிறா.

டொக்டர் பார்வையைச் சோதித்துச் சரி என்ற பிறகு பகலில் மட்டும் ஓட்டுகிறார். ஓரப் பார்வையும் இருட்டுப் பார்வையும் லேசரோடு கொஞ்சம் குறைந்துவிட்டதால் இரவு ஓடுவதில்லை. விடியற்புறம் பஸ்நிலையத்தில் வந்திறங்குகிறவர்களை ஏற்றி உழைத்த காசு இல்லாமல் போய்விட்டது. வைகாசியில் ஒரு அரை நாளை விட்டுக்கொடுக்காததற்கு இவ்வளவு என்று அவரே சொல்கிறார். அந்தப் பாரம் அவருடையது மட்டும் இல்லை என்று நான் சொல்வேன். வாசலில் சொன்னதைத் துண்டில் எழுதியிருக்கலாம், தமிழில் ஒரு வரி போட்டிருக்கலாம், நான் இன்னும் ஒரு தரம் யோசித்திருக்கலாம்.

இப்போது மாற்றிச் செய்வது

மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது நான் “கண் பார்த்தீங்களா” என்று கேட்பதில்லை. “கண்ணுக்கு மருந்து விட்டு உள்ளுக்குப் பார்த்தவையா, எப்ப?” என்று கேட்கிறேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் கண்ணாடிக் கடையைத்தான் சொல்வார்கள் என்று முதலில் நினைத்தேன், கேட்கத் தொடங்கிய பிறகு அந்த நினைப்பு பெரிதாக மாறவில்லை. அரச ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் இது இலவசம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், காசுக்குப் பயந்து வாய் திறக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

படம் எடுத்து வருகிறவர்களிடம் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் பதில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு கண்ணுக்குத் தெளிவில்லை என்றிருந்தால் அந்தக் கிழமைக்குள்ளேயே கிளினிக்குக்குப் போகச் சொல்கிறேன். படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன், போனில் பிடித்தாலும் போதும். எங்களிடம் அந்தப் படம் இருந்ததால்தான் டொக்டருக்கு ஒப்பிட ஏதாவது இருந்தது. மருந்து விடும் நாளுக்கு கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் கொண்டு போகவும், திரும்பி வர ஒரு ஆளை ஏற்பாடு பண்ணவும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ‘இன்றைக்கு வேலை, மருந்து வேண்டாம்’ என்பது அங்கே போய் எடுக்கிற முடிவாக இருந்தால் எல்லோரும் அத்தான் எடுத்த முடிவைத்தான் எடுப்பார்கள்.

அத்தானின் அடுத்த தவணை ஆவணி 12. அக்கா கலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘ஓட்டோ இல்லை’ என்று எழுதி வைத்திருக்கிறா. அன்று காலை ஏழு மணிக்கு என் மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகிறேன்.